முதல் கவளத்துக்கு முன்: புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

விருத்தாசலத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே, உடன் பணியாற்றிய ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். நெல்லித்தோப்பில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. இலை போட்டுச் சோறு வைத்து, வஞ்சிரக் குழம்பும் ஊற்றியாயிற்று. பசியில் நான் அப்பளத்தை எடுத்து ஒரு கடி கடித்தேன். அதே நொடியில் வீட்டில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று நெற்றியில் கை வைத்தார்கள். அமைதியாகிவிட்ட அந்தக் கூடத்தில் அப்பளம் நொறுங்கிய ஓசை எனக்கு இடி இடித்ததுபோல் இருந்தது. வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், செபம் முடியும்வரை கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றேன். அந்த வீட்டுப் பாட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ஆமென்' சொன்னதை இன்றும் மறக்கவில்லை.

அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர் வீடுகளிலும் தொழிற்கூடச் சாப்பாட்டு அறையிலும் கலியாணப் பந்திகளிலும் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை, வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எண்ணி இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதுச்சேரியில், சம்பா கோயில் என்று ஊரார் சொல்லும் மிஷன் வீதிப் பேராலயமும், முல்லா வீதிப் பள்ளிவாசலும், மணக்குள விநாயகர் கோயிலும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போய்விடும் தொலைவில் இருக்கின்றன. கடலூர்ப் பக்கம் போனால் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரர் இருக்கிறார். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் கடலூரிலேயே இருக்கிறது. தெற்கே பரங்கிப்பேட்டையில் பழைய முஸ்லிம் குடும்பங்களும், மேற்கே வடலூரில் வள்ளலாரின் தருமச்சாலையும் உள்ளன. ஆகவே பந்தியில் பக்கத்து இலைக்காரரும் நம்மைப் போலவே சாப்பிடத் தொடங்குவார் என்று இங்கே யாரும் நினைத்துக்கொள்ள முடியாது. இதில் கடினமானது, யாருடைய கடவுள் எவர் என்ற கேள்வி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பழகப் பழகத் தெரிந்தது வேறு: பெரும்பாலான சங்கடங்கள், கை எப்போது இலைக்குப் போகிறது என்ற ஒன்றிலிருந்தே வருகின்றன.

அழைப்பை ஏற்கும்போதே செய்ய வேண்டியது

அழைத்தவரிடம் "நீங்கள் என்ன மதம்?" என்று கேட்கத் தேவையில்லை, அது கேட்கவும் நன்றாக இராது. உங்களைப் பற்றி நீங்கள் சொல்லிவிடுவதே நல்ல வழி. "நான் சைவம்", "நான் கறி சாப்பிடுவேன், ஆனால் ஹலாலாக இருக்க வேண்டும்", "வெள்ளிக்கிழமை மட்டும் கவிச்சி தொடமாட்டேன்" என்று அழைப்பை ஏற்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிட்டால், அவர்களும் தங்கள் வழக்கத்தைத் தாமாகவே சொல்வார்கள். இலையில் பரிமாறிய பிறகு சொல்லப்படும் இதே வரி, காலையிலிருந்து அடுப்படியில் நின்ற ஒருவருடைய முகத்தை வாட வைத்துவிடும்.

நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, புரட்டாசிச் சனிக்கிழமை, ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் கார்த்திகை, மார்கழி நாட்கள் ஆகியவற்றில் பல இந்து வீடுகளில் அசைவம் சமைக்கமாட்டார்கள். கத்தோலிக்கர்கள் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்குவார்கள். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் அவர்களுக்கு உண்ணா நோன்பு நாட்கள். ரமலான் மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டே வருவதால், சென்ற ஆண்டு வந்த தேதியை வைத்து இந்த ஆண்டைக் கணக்கிடாதீர்கள். சமண நண்பர் எவரேனும் உடன் வருவதாக இருந்தால், அவர் பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பவரா என்று கேட்டுவிட்டு இரவு விருந்துக்கு நேரம் குறியுங்கள்.

உட்கார்ந்த பின், கை மடியில் இருக்கட்டும்

அந்த அப்பளத்துக்குப் பிறகு நான் எனக்கே விதித்துக்கொண்ட விதி எளியது: வீட்டில் மூத்தவருடைய கை இலைக்குப் போகும்வரை என் கை மடியை விட்டு எழாது. தண்ணீர் குடிக்கலாம், அதில் பெரும்பாலும் தவறில்லை. ஆனால் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைப்பது, வடையின் ஓரத்தைக் கிள்ளுவது ஆகிய இரண்டும்தான் பசித்தவன் தன்னையறியாமல் செய்பவை. நோன்புக்காரர் வீடாக இருந்தால் தண்ணீருக்கும் கை நீளக்கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரியாவிட்டால், "ஆரம்பிக்கலாமா அண்ணே?" என்று தணிந்த குரலில் கேட்டுவிடலாம். செபம் உள்ள வீடாக இருந்தால் அந்தக் கேள்வியே அவர்களுக்கு நினைவூட்டலாகிவிடும். இல்லாத வீடாக இருந்தால், "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று வாத்தியார் பிள்ளையை அதட்டுவதுபோல அன்பாக அதட்டுவார்கள்.

யார் எப்படித் தொடங்குகிறார்கள்

முதலில் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கத்தோலிக்கர்கள் 'செபம்' என்பார்கள். புராட்டஸ்டன்ட் சபையினர் 'ஜெபம்' என்பார்கள். ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் அந்த எழுத்தைக் கொண்டே, வந்திருப்பவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கத்தோலிக்க வீட்டில் செபம் சுருக்கமானது, ஏறத்தாழ ஒரே வடிவில் இருப்பது. 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே' என்று சொல்லி வலக்கையால் நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள் என்ற வரிசையில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார்கள். வயதானவர்கள் சிலர் பழைய வழக்கப்படி 'பிதா, சுதன், பரிசுத்த ஆவி' என்றே சொல்வதுண்டு. உண்ணப் போகிறவர்களையும் உணவையும் ஆசீர்வதிக்கும்படி வேண்டி, ஆமென் சொல்லி, மறுபடியும் சிலுவை அடையாளம் வரைவார்கள். அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இரண்டாவது அடையாளத்தில்தான்: முதல் ஆமென் கேட்டதும் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுவார்கள், மற்றவர்கள் இன்னும் நின்றுகொண்டிருப்பார்கள். சில வீடுகளில் சாப்பிட்டு முடித்த பிறகும் நன்றி செபம் உண்டு. ஆகவே கை கழுவ ஓடுவதற்கு முன்பும் ஒரு முறை சுற்றிலும் பாருங்கள்.

புராட்டஸ்டன்ட், பெந்தெகொஸ்தே வீடுகளில் பெரும்பாலும் மனப்பாட வாசகம் இருக்காது. சிலுவை அடையாளமும் இருக்காது. வீட்டுத் தலைவரோ, வந்திருக்கும் போதகரோ, சில வேளைகளில் பத்து வயதுப் பெண்ணோ கண்ணை மூடி, அப்போது மனத்தில் வருவதைச் சொல்லி ஜெபிப்பார்கள். அது எவ்வளவு நேரம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உணவில் தொடங்கி, சமைத்த கைகள், மருத்துவமனையில் இருக்கும் சித்தப்பா, துபாயில் வேலை தேடும் மகன் என்று விரிந்து, வீட்டுக்கு வந்த உங்களையும் பெயர் சொல்லி ஆசீர்வதிக்கக் கேட்பார்கள். உங்கள் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்து 'நன்றிங்க' என்று சொல்லிவிடாதீர்கள், நான் சொல்லியிருக்கிறேன். ரசம் ஆறினால் ஆறட்டும். 'இயேசுவின் நாமத்தில்' என்ற சொற்கள் காதில் விழுந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று பொருள்.

முஸ்லிம் வீட்டில் உணவுக்கு முந்திய சொல் 'பிஸ்மில்லாஹ்', அதாவது இறைவன் பெயரால். அது பெரும்பாலும் உதட்டசைவோடு முடிந்துவிடுவதால், வேண்டுதல் நடந்ததே பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தொடங்கும்போது சொல்ல மறந்துவிட்டால், நினைவு வந்த இடத்தில் 'பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு' என்று சொல்லிக்கொள்வார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் இறைவன் பெயரால் என்பது அதன் கருத்து. முடித்ததும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார்கள். வலக்கையால் உண்பதும், தட்டில் தனக்கு அருகில் உள்ளதையே எடுப்பதும் அவர்களுக்கு மரியாதை மட்டும் அல்ல, மார்க்கம் சொல்லும் ஒழுக்கமும் ஆகும். சில வீட்டுத் திருமணங்களில் சஹன் என்னும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து உண்பார்கள். அங்கே உங்கள் முன்னால் இருக்கும் பகுதியே உங்கள் இலை. எதிர்ப்பக்கத்துக் கறித்துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது எதிரில் இருப்பவருடையது, அவரே எடுத்து உங்கள் பக்கம் வைப்பார், அது வேறு. உணவின் முன் ஊதுவத்தி ஏற்றிக் குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹாவை ஓதும் வீடுகளும் உண்டு, அதை ஏற்காத வீடுகளும் உண்டு. ஆகவே ஒரு வீட்டில் பார்த்ததை மற்றொரு வீட்டில் போய், "நீங்கள் ஓதுவதில்லையா?" என்று கேட்க வேண்டாம்.

நோன்பு திறக்க அழைத்திருந்தால் நேரத்துக்கு முன்னதாகப் போய்விடுங்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும் வடையும் முன்னால் வைக்கப்பட்டுப் பத்து நிமிடமாவது அப்படியே இருக்கும். யாரும் தொடமாட்டார்கள்; பலர் அந்த நேரத்தில் மனத்துக்குள் துஆ, அதாவது இறைவனிடம் வேண்டுதல், கேட்டுக்கொண்டிருப்பார்கள். சூரியன் மறைந்து பாங்கு ஒலித்த பிறகே கை நகரும். நீங்கள் நோன்பு இல்லாவிட்டாலும் அதுவரை தண்ணீரைக்கூடத் தொடாதிருப்பது நல்லது. கஞ்சி குடித்து முடிந்ததும் ஆண்கள் மஃரிபு தொழுகைக்கு எழுந்து போய்விடுவார்கள். உங்களை விட்டுவிட்டுப் போனதாக நினைத்து நீங்களும் விடைபெற்றுக் கிளம்பிவிடாதீர்கள். திரும்பி வந்த பிறகுதான் உண்மையான சாப்பாடு. சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்: நோன்புக் கஞ்சியில் பல இடங்களில் கறி சேர்ப்பார்கள், சேர்க்காமலும் காய்ச்சுவார்கள்.

இந்து வீடுகளில் பெரும்பாலும் உணவுக்கு முன் சொல்லும் வேண்டுதல் என்று எதுவும் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. 'முருகா' என்றோ 'சிவ சிவா' என்றோ ஒரு முணுமுணுப்பு, அவ்வளவே. ஆனால் காத்திருப்பு இங்கும் உண்டு, அது வேறு வடிவில் வரும். அமாவாசையன்று எங்கள் பாட்டி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறும் பருப்பும் நெய்யும் வைத்துவிட்டுக் 'கா கா' என்று அழைப்பார். காகம் வந்து எடுக்கும்வரை வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. எதிர்வீட்டில் அன்றைக்குக் கருவாடு காயப்போட்டிருந்தால் காகம் எங்கள் பக்கம் திரும்பியும் பாராது, நாங்கள் இரண்டு மணிவரை பட்டினி. படையல் நாளில் இலைபோட்டுக் கற்பூரம் காட்டி முடிந்த பிறகே பந்தி. இப்படிப்பட்ட நாளில் வந்த விருந்தினர், 'எல்லாம் தயாராக இருக்கிறதே, ஏன் பரிமாறவில்லை' என்று மணியைப் பார்க்கக்கூடாது.

பூணூல் அணிந்த பெரியவர்கள் சிலர் பரிசேஷணம் செய்வார்கள். சிறிது சோறும் நெய்யும் இலையில் விழுந்ததும், உள்ளங்கையில் நீர் எடுத்து மந்திரம் சொல்லி இலையைச் சுற்றுவார்கள். சிறிது நீரை உட்கொண்டு, பிராணனுக்கு, அபானனுக்கு என்று உடலின் உயிர்க்காற்றுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சில பருக்கைகளை மெல்லாமல் விழுங்குவார்கள். ஒரு நிமிடம்தான். அதற்குள் அவர் இலையில் கூட்டைக் கொண்டுபோய் வைப்பதோ, பேச்சுக் கொடுப்பதோ கூடாது. சில மடங்களிலும் விடுதிகளிலும் பகவத் கீதையின் 4ஆம் அத்தியாயத்து 24ஆம் சுலோகமான 'பிரம்மார்ப்பணம்' என்பதை எல்லோரும் சேர்ந்து சொன்ன பிறகே உண்பார்கள்.

கடலூர் மாவட்டத்தில் பிறந்தது வள்ளலாரின் சன்மார்க்க வழக்கம். வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் அது எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல், சாதி, மதம் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. சன்மார்க்க அன்பர்கள் உண்பதற்கு முன், 'அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி' என்று வாய்விட்டுச் சொல்வார்கள். அவர்களோடு உண்ணும்போது புலாலைப் பற்றிப் பேச்சுக்குக்கூட இடமில்லை. உங்கள் டிபன் பாக்ஸில் முட்டை இருந்தால் அன்று சற்றுத் தள்ளி அமர்வதே மரியாதை.

பெரியார் படம் மாட்டிய வீடுகளும் இந்தப் பக்கம் நிறைய. பாவேந்தர் பிறந்த ஊர் இது. அந்த வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறியாயிற்றா என்று பார்ப்பார்கள், தொடங்குவார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டுதல் வழக்கம் உண்டென்றால் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். "சாமியை நினைக்காமலா சாப்பிடுவீர்கள்?" என்று அங்கே கேட்பது, பள்ளிவாசலில் போய் விபூதி கேட்பதற்குச் சமம்.

உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாதபோது

அவர்கள் நின்றால் நில்லுங்கள், உட்கார்ந்திருந்தால் உட்காருங்கள். கைகூப்ப வேண்டும் என்பதில்லை. கைகளைக் கோத்து முன்னால் வைத்துக்கொண்டாலே போதும். கண்ணை மூடுவதும் மூடாததும் உங்கள் விருப்பம். திறந்திருந்தால் இலையைப் பாருங்கள், செபிப்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள். கைப்பேசியை முன்பே ஊமையாக்கிவிடுங்கள்.

செய்ய வேண்டாதவை இரண்டு. ஒன்று, மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவர்களுடைய அடையாளங்களைப் போலச் செய்வது: சிலுவை வரைவது, கையேந்தித் துஆ கேட்பது, நீரைச் சுற்றுவது. அவை அவர்களுக்குப் பொருள் உள்ளவை. விளையாட்டாகப் பட்டுவிடலாம், அல்லது நீங்கள் அந்த நம்பிக்கைக்கு வந்துவிட்டீர்கள் என்று யாராவது மகிழ்ந்துவிடலாம், இரண்டும் பின்னால் சிக்கல். மற்றொன்று, 'ஆமென்' சொல்வதா வேண்டாமா என்று பதறுவது. 'அப்படியே ஆகுக' என்பதே அதன் பொருள். முஸ்லிம்கள் துஆவின் முடிவில் சொல்லும் 'ஆமீன்' என்பதும் அதன் உறவுச் சொல்லே. கேட்டுக்கொண்ட வேண்டுதல் உங்களுக்கும் உடன்பாடு என்றால் சொல்லுங்கள்; இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், யாரும் எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். நான் சில வீடுகளில் சொல்கிறேன், சில வீடுகளில் சொல்வதில்லை. என்ன வேண்டினார்கள் என்பதைப் பொறுத்தது அது.

உங்கள் வேண்டுதலை மற்றவர் முன்னால் சொல்வதற்கு

இதுவரை சொன்னது விருந்தினராகப் போகும்போது. தினமும் பத்துப் பேரோடு மேசையில் உட்கார்ந்து, உங்களுக்கு மட்டும் வேண்டுதல் வழக்கம் இருக்கிறது என்றால் என்ன செய்வது என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். மறைத்துக்கொள்ளவும் வேண்டாம், காட்டிக்கொள்ளவும் வேண்டாம். தட்டைத் திறந்து, ஒரு மூச்சு நேரம் தலை தாழ்த்தி, மனத்துக்குள் சொல்லி முடித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். மற்றவர்கள் முன்பே தொடங்கியிருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உங்களுக்காக அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பிறர் காணும்படி நின்று செபிப்பவர்களைக் கண்டித்து, அறைக்கதவை மூடிக்கொண்டு மறைவில் செபிக்கச் சொல்லும் வாசகம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே ஓசையில்லாத செபம் குறைபட்ட செபம் ஆகிவிடாது. பிஸ்மில்லாஹ்வும் அப்படியே. பரிசேஷணம் செய்கிறவர்கள் தொழிற்கூட மேசையில் நீரைச் சுற்றினால் பக்கத்தவர் காகிதங்கள் நனையும். எங்கள் அலுவலகப் பெரியவர் ஒருவர், ஒரு துளி நீரைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறர் மேசையில் அவர்கள் மனம் திரும்ப வேண்டும் என்று வாய்விட்டு வேண்டுவது, எந்த மதத்தார் செய்தாலும், விருந்து வைத்தவர் இலையில் கல்லைப் போடுவதற்கு ஒப்பாகும் என்பதே என் எண்ணம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றால்

வந்தவரைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று சில வீடுகளில் விருந்தினரையே செபம் சொல்லச் சொல்வார்கள். மறுக்க விரும்பினால், "நீங்க சொல்லுங்கம்மா, நான் கூட நிக்கிறேன்" என்பதே போதும். காரணம் சொல்ல வேண்டாம். சொல்ல விரும்பினால், அங்கே இருக்கும் எவருடைய நாவும் கூசாத சொற்களைச் சொல்லுங்கள். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: 'இதை விளைவித்தவர்களையும், சமைத்த கைகளையும் நன்றியோடு நினைக்கிறோம். பசித்திருக்கும் எல்லோருக்கும் இன்றைக்குச் சோறு கிடைக்கட்டும்.' மூச்சுக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னாலும் முடிந்துவிடும்.

படைத்தது, அறுத்தது, மறுப்பது

வேண்டுதலைக் காட்டிலும் அதிகமாக மனத்தாங்கல் வருவது இங்கேதான். தெய்வத்துக்குப் படைத்த உணவை முஸ்லிம்கள் உண்பதில்லை. கிறிஸ்தவர்களில் பலர் தயக்கமின்றி வாங்கிக்கொள்வார்கள், சிலர் தொடவே மாட்டார்கள்; பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8ஆம் அதிகாரமே இந்தச் சிக்கலைத்தான் பேசுகிறது, ஆகவே இது நம் தெருவில் புதிதாக முளைத்த வழக்கு அல்ல. எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இதற்குக் கண்ட வழியை நானும் பின்பற்றுகிறேன். பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் சுண்டலோ சர்க்கரைப் பொங்கலோ செய்ததும், படையலுக்கு எடுப்பதற்கு முன்பே ஒரு தூக்கில் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுவார். பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது, "இது படைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சது பாய்" என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த வீட்டார் பக்ரீதுக்கு அவருக்குக் கறி அனுப்பாமல், சேமியாவும் பழமும் தனியாக அனுப்புகிறார்கள்.

வாங்க முடியாதபோது மறுக்கவும் ஒரு முறை இருக்கிறது. 'எங்களுக்கு இது பாவம்' என்று சொல்லாதீர்கள். 'இதை நான் எடுத்துக்கிறதில்லைங்க, மோர் இருந்தா ஒரு டம்ளர் கொடுங்க' என்று சொல்லுங்கள். ஒன்றை மறுக்கும் வாயாலேயே மற்றொன்றைக் கேட்டு வாங்கிவிட்டால், அந்த வீட்டில் கை நனைத்ததாகிவிடும்; கொடுத்தவருக்கும் குறை இராது. மறுக்கப்பட்டவர் ஏன் என்று துருவக்கூடாது, "கொஞ்சம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லக்கூடாது. ஆகுமா ஆகாதா என்பது அவர் கணக்கு.

கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டில் செய்யும் பழக் கேக்கில் முட்டை இருக்கும். உலர்ந்த பழங்களை ரம்மில் ஊறவைத்துச் செய்வதும் உண்டு. முஸ்லிம் நண்பருக்கோ சைவருக்கோ கொடுக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ரோஸ் குக்கீஸோ முறுக்கோ தனியாக எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

மெஸ்ஸிலும் சாப்பாட்டு அறையிலும்

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், புதிதாக வந்த மேலாளர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் எழுந்து நின்று ஒரு வேண்டுதலைச் சேர்ந்து சொல்ல வேண்டும் என்றார். எந்த மதத்து வேண்டுதல் என்பது இங்கே தேவையில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேர் கேரியரை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரத்தில் அது ஆறு பேரானது. சாப்பாட்டு அறையில் அதுவரை ஒருவர் குழம்பை மற்றவர் ருசி பார்த்துக்கொண்டிருந்தது நின்றுபோயிற்று. கடைசியில் மேலாளரே மனம் மாறினார். ஒரு மணிக்கு யாராவது ஒருவர் கேரியர் மூடியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். பத்து எண்ணும் அளவுக்கு அமைதி. அவரவர் நினைப்பதை நினைக்கலாம், நினைக்காமலும் இருக்கலாம். பிறகு இரண்டாவது தட்டு, மூடிகள் திறக்கும். கொட்டகைக்குப் போனவர்கள் அந்த மாதமே திரும்பிவிட்டார்கள்.

நீங்கள் விடுதியிலோ மெஸ்ஸிலோ புதிதாக வழக்கம் ஏற்படுத்தும் இடத்தில் இருந்தால், இந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வி நிறுவனங்களில் இது நாகரிகத்தோடு முடிகிற செய்தியும் அல்ல: அரசு அங்கீகாரமோ அரசு நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அவருடைய ஒப்புதல் இல்லாமல், சிறார் என்றால் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல், வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு சொல்கிறது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விருந்துக்குப் போகும்போது, வாசற்படியில் செருப்பைக் கழற்றும் முன்பே, 'அவங்க சாமி கும்பிட்ட பிறகுதான் சாப்பிடணும்' என்று சொல்லி வையுங்கள். 'ஏம்பா அவங்க கண்ண மூடிட்டு இருக்காங்க?' என்ற கேள்வி நடுவில் எழுந்தால், பெரும்பாலான வீடுகளில் சிரித்துக்கொள்வார்கள், ஆனால் செபித்துக்கொண்டிருந்தவர் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும்.

எழுந்திருக்கும்போது

பந்தியில் மூத்தவர் எழுவதற்கு முன் எழ வேண்டாம். இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். பரிசேஷணம் செய்தவர் கடைசியாகவும் ஒரு வாய் நீர் எடுத்து மந்திரம் சொல்வார், அது முடியட்டும். சில வைதிகப் பந்திகளில் 'அன்னதாதா சுகீபவ' என்று சோறிட்டவரை வாழ்த்துவார்கள். மற்ற இடங்களில், சமைத்தவரைத் தேடிப் போய், எந்தக் குழம்பு பிடித்திருந்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

மீந்ததைத் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்புவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தருவது இந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் வழக்கமில்லை. ஆனால் அதில் என்ன வைத்துத் தருவது என்பதில் புதியவர்கள் தவறிவிடுகிறார்கள்: கோயில் பிரசாதம் வேண்டாம், முட்டை சேர்த்த பலகாரம் வேண்டாம். நன்றாகக் கழுவித் துடைத்து, ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துக் கொடுங்கள். நெல்லித்தோப்பு வீட்டுத் தூக்கில் நான் முதல் முறை சர்க்கரை வைத்துக் கொடுத்தபோது, பாட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பளம் வெச்சிருப்பேன்னு நெனச்சேன்" என்றார்கள்.